யாருடைய உடம்புக்கு அளந்தது?

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், 36ஆம் தெரு சுரங்க ரயில் நிலையத்திலிருந்து தெருவுக்கு ஏறிவர ஒரு படிக்கட்டு உண்டு. அதில் தானும் இடறியிருந்த ஓர் இளம் திரைப்படக் கலைஞர், 2012இல் எதிரே கேமராவை வைத்து, ஏறிவருகிறவர்களைப் படமெடுத்தார். ஒருவர் பின் ஒருவராக இடறுகிறார்கள். அதுவும் எல்லோரும் ஒரே படியில். வேகமாக வந்தவரும் இடறுகிறார், நிதானமாக வந்தவரும் இடறுகிறார். பலர் ஒரு கணம் தடுமாறி நிமிர்ந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டுகிறார்கள். படம் இணையத்தில் பரவியதும் ரயில் நிர்வாகம் படிக்கட்டை அடைத்துச் சரிசெய்தது. அந்த ஒரு படி மற்றப் படிகளைவிட ஏறக்குறைய அரை அங்குலம் உயரமாக இருந்தது. அவ்வளவுதான் கோளாறு.

அரை அங்குலம் ஓர் ஆளையே தடுமாற வைப்பது எப்படி? படி ஏறும்போது நாம் ஒவ்வொரு படியையும் குனிந்து பார்ப்பதில்லை. முதல் இரண்டு மூன்று படிகளுக்குள் கண்ணும் காலும் சேர்ந்து உயரத்தை அளந்துகொள்கின்றன. அதன்பின் கால் அதே அளவைத் திரும்பத் திரும்பப் போடுகிறது. தேவைக்கு மேல் காலைத் தூக்குவது வீண் உழைப்பு என்பதால், செருப்பின் நுனி படி விளிம்பை உரசாத குறையாகத்தான் கடக்கிறது. அந்தச் சிறிய இடைவெளியை விழுங்கிவிட அரை அங்குலம் போதும். இறங்கும்போது நிலைமை இன்னும் மோசம். படி கொஞ்சம் கூடுதலாகத் தாழ்ந்திருந்தால், தரை வந்திருக்க வேண்டிய இடத்தில் தரை இருக்காது. உடம்பின் எடை அதற்குள் முன்னங்காலுக்குப் போயிருக்கும்.

அந்தப் படத்தில் என் மனத்தில் தைப்பது இடறியவர்களின் முகம்தான். ஒருவரும் படியைச் சந்தேகிப்பதாகத் தெரியவில்லை. தன் கவனக்குறைவு என்றே எடுத்துக்கொண்டு போகிறார்கள். இப்படித்தான் நாம் எல்லா இடத்திலும் செய்கிறோம். இடுப்பு வலிக்கிறதா, வயசாகிவிட்டது. பஸ் ஏற முடியவில்லையா, முழங்கால் சரியில்லை. அம்மா வெளியே வருவதே இல்லையா, அவங்களுக்குப் பிடிக்காது. இவற்றில் பெரும்பங்கு உடம்பின் குற்றமே இல்லை. எப்போதோ யாரோ தவறாகப் போட்ட ஓர் அளவின் குற்றம் என்பதுதான் நான் சொல்ல வருவது. வடிவமைப்பு என்றவுடன் அழகும் நிறமும் பாணியும் நினைவுக்கு வருகின்றன. அன்றாட வாழ்க்கையை ஆட்டிவைப்பது பெரும்பாலும் உயரம். அதுவும் சென்டிமீட்டர் கணக்கில்.

படிக்கட்டின் கணக்கை முதலில் எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் பிரான்சுவா பிளாண்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். 1670களில் பாரிஸில் அவர் நடத்திய பாடங்களில் ஒரு வாய்பாடு வருகிறது: படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, காலை வைக்கும் அகலத்தைக் கூட்டினால், சமதரையில் மனிதர் வைக்கும் ஓர் எட்டுக்குச் சமமாக வர வேண்டும். அன்றைய பிரெஞ்சு அளவில் 24 அங்குலம், இன்றைய கணக்கில் சுமார் 65 செ.மீ. ஓர் அங்குலம் மேலே ஏறுவதற்கு ஆகும் உழைப்பு, இரண்டு அங்குலம் முன்னே போவதற்குச் சமம் என்பது அவருடைய அனுமானம். முந்நூற்றைம்பது ஆண்டு கழித்தும் கட்டடப் பொறியாளர்கள் இதையே சிறு திருத்தங்களோடு பயன்படுத்துகிறார்கள். நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்கு அதிகபட்சம் 19 செ.மீ. உயரமும் குறைந்தபட்சம் 25 செ.மீ. அகலமும் சொல்கிறது. இரண்டு 19, ஒரு 25 சேர்த்தால் 63. பிளாண்டெலின் எண்ணுக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது.

உங்கள் வீட்டு மாடிப்படியை ஒரு டேப்பை வைத்து அளந்து பாருங்கள். நடுவில் உள்ள படிகள் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். முதல் படியோ கடைசிப் படியோ மாறியிருக்க வாய்ப்பு அதிகம். காரணம் எளிது. படிக்கட்டை கான்கிரீட்டில் வார்க்கும்போது தரை வெறும் தரையாக இருக்கும். பிறகு மட்டம் பார்த்து, கலவை போட்டு, டைல்ஸ் ஒட்டும்போது தரை நாலைந்து சென்டிமீட்டர் ஏறிவிடும். படிகளின் மேல் ஒட்டும் கல்லோ அதைவிட மெல்லிய கலவையில் உட்காரும். ஆகவே முதல் படி மட்டும் குட்டையாகிவிடும். மேலே மாடித் தரையிலும் இதே கதை நடப்பதால் கடைசிப் படி உயரமாகிவிடும். கேட்டால், "ரெண்டு நாள்ல கால் பழகிடும் சார்" என்று மேஸ்திரி சமாதானம் சொல்வார். வீட்டுக்காரர் கால் பழகிவிடும், உண்மைதான். விருந்துக்கு வந்த அத்தைக்கும், தூக்கக் கலக்கத்தில் இறங்கும் பேரனுக்கும் யார் பழக்குவது? சென்டரிங் அடிக்கும் முன்பே தரைக்கு என்ன கல், எவ்வளவு கனம் என்று முடிவுசெய்து, அதைக் கழித்து முதல் படியை வார்த்தால் போதும். ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

படிக்கட்டு எப்போதாவதுதான் காலை வாரும். சமையலறை தினம் மூன்று வேளையும் உடம்பைப் பிடித்து இழுக்கிறது.

வீட்டுச் சமையலறையை ஒரு வேலைத்தலமாக நினைத்து, அளந்து வடிவமைத்த முயற்சிகளில் பேர்பெற்றது ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை. முதல் உலகப்போருக்குப் பின் வீடில்லாத் தொழிலாளர்களுக்காக அந்த நகராட்சி ஆயிரக்கணக்கில் குடியிருப்புகளைக் கட்டியது. எர்ன்ஸ்ட் மே என்பவர் அந்தத் திட்டத்தின் தலைவர். சமையலறையை வடிவமைக்கும் பொறுப்பு, ஆஸ்திரியாவின் முதல் பெண் கட்டடக் கலைஞர்களில் ஒருவரான மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கியிடம் வந்தது. ஆண்டு 1926. ரயிலின் உணவுப் பெட்டியில் கையளவு இடத்தில் எப்படி அத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் என்று கவனித்தார். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையே எத்தனை எட்டு நடக்க வேண்டியிருக்கிறது என்று கடிகாரத்தை வைத்துக் கணக்கெடுத்தார். பிறந்தது சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் அளவுள்ள ஓர் அறை. அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் எழுதிய அலுமினிய இழுப்பறைகள். மாவுக்கு மட்டும் ஓக் மர இழுப்பறை, புழு அண்டாது என்பதால். மடக்கி வைக்கும் இஸ்திரிப் பலகை. ஜன்னலோரமாக ஒரு வேலைமேடை, அதன் முன்னால் ஒரு சுழல் முக்காலி. காய் நறுக்குகிறவர் வெளிச்சத்தில் உட்கார்ந்து நறுக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். அந்த முக்காலிக்காகவே எனக்கு அவர்மேல் தனி மரியாதை. ஃபிராங்க்ஃபர்ட்டில் ஏறக்குறைய 10,000 வீடுகளில் இந்தச் சமையலறை அமைந்தது. நாம் இன்று 'மாடுலர் கிச்சன்' என்று வாங்குவது அதன் பேத்தி.

அதற்குக் குறைகளும் உண்டு. ஒருவர் மட்டுமே நின்று வேலைசெய்ய முடிகிற அகலம். அம்மா உள்ளே, குழந்தைகள் வெளியே. சமையலில் கைகொடுக்க இன்னொருவர் நுழைந்தால் இடித்துக்கொள்ள வேண்டும். சமைப்பது ஒரே ஒரு பெண்ணின் வேலை என்ற எண்ணத்தைச் சுவரெழுப்பி உறுதிசெய்துவிட்டது என்று பின்னால் வந்த பெண்ணியவாதிகள் சொன்னது நியாயமே. அறையின் அகலம் குடும்பத்துக்குள் வேலைப் பங்கீட்டையும் தீர்மானித்துவிடுகிறது.

அமெரிக்காவில் ஏறக்குறைய அதே காலத்தில் லிலியன் கில்பிரெத் என்ற பொறியாளர், பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர், இன்னொரு கேள்வியைக் கேட்டார்: அடுப்பும் தொட்டியும் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? ஆயிரக்கணக்கான பெண்களிடம் விசாரித்து, உயரம் ஆளுக்கு ஆள் மாற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். தொழிற்சாலைகள் அதைக் கேட்கவில்லை. ஒரே அளவில் செய்தால்தான் மலிவு என்று 36 அங்குலத்தை, அதாவது 91 செ.மீ.யை, நிலைநிறுத்திவிட்டன.

நம் ஊரில் கதை வேறு. தரையில் உட்கார்ந்து சமைத்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அரிவாள்மணை, அம்மி, ஆட்டுக்கல், மண்ணடுப்பு எல்லாம் தரைமட்டத்தில். புகையும், குத்தவைத்து எழுந்ததில் தேய்ந்த முழங்கால்களும் அந்தக் காலத்தோடு சேர்ந்தவையே. சமையலை நின்ற நிலைக்குத் தூக்கிவிட்டதில் காஸ் அடுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். ஆகவே அடுப்பு எப்போதும் சிலிண்டருக்கு மேல்மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. சிலிண்டரின் உயரம் இரண்டடிக்குச் சற்றுக் கூடுதல். அதை மேடைக்கு அடியில் நிறுத்தி, ரெகுலேட்டரைத் திருகக் கை போக இடம் விட்டு, மேலே கடப்பைக் கல்லைப் போட்டால் மேடை 30 அங்குலத்தைத் தாண்டிவிடுகிறது. அங்கே நின்று சமைக்கப்போகிறவரின் முழங்கை எங்கே இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை.

வர வேண்டும். நின்று செய்யும் வேலைக்கு ஆதார அளவு முழங்கைதான் என்பது உடல்சார் பொறியியலின் பாலபாடம். காய் நறுக்குவது போன்ற இலேசான வேலைக்கு மேடை முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். மாவு பிசைவது போல உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்தும் வேலைக்கு இன்னும் கீழே. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. அந்த உயரமுள்ளவருக்கு முழங்கை தரையிலிருந்து ஏறக்குறைய 96 செ.மீ.யில் இருக்கும். ஆக நறுக்கும் மேடை 81 முதல் 86 செ.மீ. வரை. நம் வழக்கமான மேடை 32, 33 அங்குலம். பொருந்திவிட்டதே என்று தோன்றும். நறுக்குவதற்கு மட்டும்தான் பொருந்துகிறது.

அடுப்பைப் பாருங்கள். 83 செ.மீ. மேடையின் மேல் காஸ் அடுப்பு 10 செ.மீ.க்குக் குறையாது. அதன்மேல் சாம்பார் பாத்திரம் 18 செ.மீ. பாத்திரத்தின் விளிம்பு 111 செ.மீ.க்குப் போய்விட்டது, முழங்கைக்கு 15 செ.மீ. மேலே. கரண்டியால் கிளற வேண்டுமென்றால் தோளைத் தூக்கி, கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டும். அரைமணி நேரம் அல்வா கிண்டியவருக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஏன் அப்படிக் கடுக்கிறது என்பதற்கு இதுதான் விடை.

இப்போது தொட்டி. அதே மேடையில் வெட்டி இறக்கிய ஸ்டீல் தொட்டியின் ஆழம் 20 செ.மீ. அதன் அடி தரையிலிருந்து 63 செ.மீ.யில் இருக்கிறது. 152 செ.மீ. உயரமுள்ளவர் கையைத் தொங்கவிட்டால் விரல்நுனி 58 செ.மீ. அருகே நிற்கும். தட்டைக் கையில் பிடித்துத் தேய்க்க வேண்டுமே, குனியாமல் முடியாது. எவ்வளவு குனிகிறார் என்பதைவிட, குனிவது முதுகுக்கு என்ன செய்கிறது என்பது முக்கியம். இடுப்புக்கு மேலுள்ள உடம்பு, தலையும் கையும் சேர்த்து, சுமார் 35 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நேரே நின்றால் இந்த எடை முதுகெலும்பின் மேல் நேராக இறங்கிவிடும். கொஞ்சம் சாய்ந்து, எடையின் மையம் 10 செ.மீ. முன்னே போனால், கவிழாமல் பிடிக்க முதுகுத் தசை பின்னாலிருந்து இழுக்க வேண்டும். அந்தத் தசையோ முதுகெலும்பின் மூட்டிலிருந்து 5 செ.மீ. தள்ளித்தான் இருக்கிறது. தூரம் பாதி என்பதால் விசை இரட்டிப்பாக வேண்டும்: 70 கிலோ. எடையின் 35ஐயும் தசையின் 70ஐயும் சேர்த்துக் கீழ்முதுகின் வட்டுகள் தாங்குகின்றன. இது தோராயக் கணக்குதான். ஆனால் 1960களில் சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாக்கெம்சன், மனிதர்களின் முதுகெலும்பு வட்டுக்குள்ளேயே அழுத்தமானியைச் செருகி அளந்தபோதும், நேரே நிற்பதைவிடக் குனிந்து நிற்கும்போது அழுத்தம் பெருமளவு கூடுவதையே கண்டார். பாத்திரம் தேய்க்கும் இருபது நிமிடமும் ஒரு பெண் இந்தப் பாரத்தோடு நிற்கிறார். கையில் இருப்பது ஓர் எவர்சில்வர் தட்டு மட்டும்.

ஆகவே அடுப்பு தாழ வேண்டும், தொட்டி உயர வேண்டும். ஒரே மட்டமாக நீண்டு ஓடும் கிரானைட் மேடை பார்க்க இலட்சணமாக இருக்கிறது. உடம்புக்கு அது எந்த வேலைக்கும் சரியாக வராத சமரசம். அடுப்புள்ள பகுதியை 10 செ.மீ. இறக்கலாம், அல்லது அடுப்பை மேடைக்குள் பதிக்கலாம். சிலிண்டரை அந்த இடத்திலிருந்து பக்கத்துக்கு நகர்த்த வேண்டியிருக்கும். தொட்டியை 7, 8 செ.மீ. ஏற்றலாம், அல்லது ஆழம் குறைந்த தொட்டியாக வாங்கலாம். மேடைக்கு அடியில் அலமாரி போடுகிறவர்களிடம், தரையை ஒட்டிக் கால்விரல் நுழைய ஒரு பள்ளம் விடச் சொல்லுங்கள். விரலுக்கு இடமில்லாவிட்டால் ஆள் மேடையிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். தள்ளி நின்றால் மறுபடி சாய வேண்டும். வீட்டில் கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் வாஸ்து பார்க்க ஒருவரை அழைக்கிறோம். சமைக்கப்போகிற அண்ணியையோ அண்ணனையோ சுவரோரம் நிறுத்தி, முழங்கையை மடக்கச் சொல்லி, பென்சிலால் ஒரு கோடு போட ஐந்து நிமிடம் ஆகாது.

'சராசரி உயரத்துக்குச் செய்துவிட்டால் பெரும்பாலோருக்குப் பொருந்திவிடாதா?' என்ற கேள்வி நியாயமானது. அதற்கு அமெரிக்க விமானப்படை ஒரு நல்ல பதிலை வைத்திருக்கிறது. 1950 வாக்கில் அங்கே விமான விபத்துகள் பெருகின. விமானி அறை, பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த சராசரி உடல் அளவுகளின்படி அமைக்கப்பட்டிருந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் 4,063 விமானிகளின் அளவுகளை எடுத்து, இருக்கைக்கு முக்கியமான பத்து அளவுகளைத் தேர்ந்தார்: உயரம், மார்பு, கையின் நீளம் போன்றவை. பத்திலும் சராசரிக்குப் பக்கத்தில் வருகிறவர் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை. உயரம் பொருந்தினால் கை நீளமாக இருக்கும், கை பொருந்தினால் கால் குட்டையாக இருக்கும். சராசரி மனிதருக்காகச் செய்த இருக்கை யாருக்கும் செய்யாத இருக்கை. விமானப்படை இதை ஏற்றுக்கொண்டு, நகர்த்தவும் ஏற்றி இறக்கவும் முடிகிற இருக்கைகளைக் கேட்டு வாங்கியது. இன்று கார் சீட்டை முன்னே பின்னே தள்ள முடிகிறதே, அந்த வசதிக்குப் பின்னாலும் இதே புரிதல்தான் இருக்கிறது.

கட்டடக் கலையின் மேதைகளும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கொர்பூசியே, மனித உடலிலிருந்தே எல்லா அளவுகளையும் பெறுவது என்று 'மாடுலர்' என்ற அளவுமுறையை உருவாக்கினார். எண்ணம் உயர்ந்தது. எந்த மனிதர் என்பதில்தான் சிக்கல். முதலில் 175 செ.மீ. உயர ஆணை எடுத்துக்கொண்டார். பிறகு 183 செ.மீ.க்கு மாற்றினார். ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் வரும் ஆறடிப் போலீஸ்காரர் அதற்கு ஒரு தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். பஞ்சாபின் வெயிலில் எழுந்த தலைமைச் செயலகத்துக்கும் அளவுகோல் அந்த ஆறடி ஆண்தான்.

உடம்பை மிகக் கவனமாக அளக்கிறவர்கள் கடைக்காரர்கள். கிளாரன்ஸ் சாண்டர்ஸ் 1916இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளர்களே கூடையோடு உள்ளே நடந்து பொருளை எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். அதுவரை கேட்டதைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். பொருள் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது வாங்குகிறவருக்கு ஒரு பொருட்டில்லை. அதன்பின் தட்டின் உயரமே விற்பனையைத் தீர்மானிக்கத் தொடங்கியது. கண்மட்டத்தில் இருக்கும் தட்டு நன்றாக விற்கும். அந்த இடத்துக்கு நிறுவனங்கள் பணம் கட்டுகின்றன. நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்தில் சாக்லேட் எந்த உயரத்தில் அடுக்கியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள், நாலு வயதுக் குழந்தையின் கைக்கு நேராக இருக்கும். இங்கிலாந்து அரசு 2022 அக்டோபரிலிருந்து பெரிய கடைகளின் வாசலிலும் பில் போடும் இடத்திலும் இத்தகைய தின்பண்டங்களை வைக்கத் தடை விதித்தது, இந்த வடிவமைப்பின் வலிமையை உணர்ந்துதான். ஆக, அளக்கத் தெரியாமல் இல்லை. இலாபம் வருகிற இடத்தில் குழந்தையின் தோள் உயரம்வரை அளந்துவிடுகிறார்கள்.

தெருவுக்கு வருவோம். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இங்கேதான், ஏனென்றால் இங்கே ஒரு தவறான உயரம் அடுத்த தவறைப் பெற்றுக்கொண்டே போகிறது.

சென்னையில் பழைய குடியிருப்புகள் பலவற்றில் வீடு தெருவைவிடத் தாழ்ந்திருக்கும். கட்டியபோது அப்படி இல்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டதால், ஒவ்வொரு முறையும் தெரு கொஞ்சம் வளர்ந்தது. ஒரு தடவைக்கு 4 செ.மீ. என்றாலும் ஐந்து தடவையில் 20 செ.மீ. வாசலில் இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டும். மழைநீர் படியில்லாமலே இறங்கிப் போகிறது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் கண்டிப்பாகச் சொன்ன பிறகும், ஏறிய உயரம் ஏறியதுதான்.

இதற்கு வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? வசதியுள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள், இன்னும் இருபது ஆண்டில் தெரு எங்கே நிற்குமோ என்ற பயத்தில், தரைமட்டத்தை மூன்றடி, நாலடி உயர்த்திக் கட்டுகிறார்கள். அவ்வளவு உயரத்துக்குக் காரும் ஸ்கூட்டரும் ஏறச் சாய்தளம் வேண்டும். மனைக்குள் இடம் போதாது. சாய்தளம் நடைபாதையை விழுங்கித் தெருவுக்குள் நீள்கிறது. ஒரு வீட்டின் சாய்தளம், அடுத்த வீட்டின் படி, அதற்கடுத்து ஒரு டிரான்ஸ்ஃபார்மர் என்று நடைபாதை துண்டு துண்டாகிறது. நடக்கிறவர் வாகனங்களுக்கு நடுவே இறங்குகிறார். நடுங்கும் கால்கள் இறங்கத் துணிவதில்லை.

இந்தச் சங்கிலியில் திண்ணையும் போய்விட்டது. வில்லியம் ஒயிட் என்ற அமெரிக்க ஆய்வாளர் நியூயார்க்கின் பொதுச் சதுக்கங்களில் கேமரா வைத்துப் பல ஆண்டு கவனித்து, 1980இல் எழுதிய நூலில் ஓர் எளிய உண்மையைப் பதிவுசெய்தார்: ஓரடியிலிருந்து மூன்றடி வரை உயரமுள்ள எந்தத் திட்டிலும் மனிதர்கள் உட்கார்வார்கள், உட்கார இடமிருந்தால் தெருவுக்கு வருவார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து அக்ரகாரமோ செட்டிநாட்டு வீதியோ, நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு அந்த உயரத்தில் ஒரு திட்டு இருந்தது. வழிப்போக்கர் மூச்சு வாங்க உட்கார்ந்தார், பாட்டி முருங்கைக்கீரை ஆய்ந்தபடி தெருவைப் பார்த்தார். யாரெல்லாம் அங்கே உட்காரலாம் என்பதில் சாதி குறுக்கே நின்றது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் தெருவும் வீடும் சந்திக்கிற இடத்தில் உட்கார ஓர் உயரம் வேண்டும் என்ற அறிவு அதில் இருந்தது. இன்று அந்த இடத்தில் ஆளுயரச் சுற்றுச்சுவர் நிற்கிறது.

நடைபாதை இருக்கும் இடத்திலும் அதன் விளிம்பு ஒரு தடை. இந்திய சாலைக் குழுமத்தின் வழிகாட்டுதல் நடைபாதையின் உயரம் 15 செ.மீ.யைத் தாண்டக் கூடாது என்கிறது. பல இடங்களில் அது முழங்கால்வரை வந்துவிடுகிறது. 15 செ.மீ. என்பதே சக்கர நாற்காலிக்குச் சுவர். நாற்காலியின் முன்சக்கரம் சிறியது. மையத்திலிருந்து விளிம்புவரை சுமார் 10 செ.மீ. தன் மையத்தைவிட உயரமான தடையைச் சக்கரம் எவ்வளவு தள்ளினாலும் ஏறாது, இது இயற்பியல். 2 செ.மீ. மேடு வந்தால்கூட, அந்தச் சக்கரங்களின் மேலுள்ள பாரத்தில் முக்கால் பங்குக்குச் சமமான விசையால் தள்ள வேண்டும். சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்ற விகிதம் 12க்கு 1. 15 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளச் சரிவு, அவ்வளவே. அமெரிக்காவின் கலமசூ நகரில் 1940களில் போரில் காலிழந்த வீரர்களுக்காகவும், பெர்க்லியில் 1970களில் மாற்றுத்திறனாளிகள் போராடியதாலும் நடைபாதை முனைகளில் சரிவுகள் வந்தன. வந்தபின் குழந்தை வண்டி தள்ளும் தாய்மாரும், பெட்டியை உருட்டிப் போகிறவர்களும், சரக்கு இறக்குகிறவர்களும் அதே வழியில்தான் போனார்கள்.

சென்னையில் இப்படி ஒரு போராட்டம் பஸ்ஸின் உயரத்துக்காக நடந்தது. வழக்கமான மாநகரப் பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 90 செ.மீ. உயரத்தில் இருக்கும். முதல் படிக்கே காலை முழங்கால் அளவு தூக்கி, கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து ஏற வேண்டும். சேலை கட்டியவருக்கு அது எவ்வளவு சிரமம் என்று ஏறிப் பார்த்தவருக்குத் தெரியும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடுகிறவர்கள் சென்னை உயர் நீதிமன்றம்வரை போய், 40 செ.மீ. உயரமுள்ள தாழ்தளப் பேருந்துகளே வேண்டும் என்று வாதாடினார்கள். பள்ளம் மேடான சாலையில் அவை ஓடாது, மழைநீரில் நின்றுவிடும் என்று அரசுத் தரப்பு மறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் 2024 ஆகஸ்டில் முதல் தொகுதியாக 58 தாழ்தளப் பேருந்துகள் சென்னைச் சாலைக்கு வந்தன. நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து இன்னும் தாழவும் அவற்றால் முடியும்.

ஆனால் அந்த 40 செ.மீ. பாதிக் கணக்குதான். பஸ், 15 செ.மீ. உயர நடைபாதையை ஒட்டி நின்றால், ஏறவேண்டியது 25 செ.மீ.; சாய்ந்து கொடுத்தால் ஒரு வீட்டுப் படி அளவுக்கு வந்துவிடும். சாய்வுப்பலகையைப் போட்டால் சக்கர நாற்காலியும் ஏறும். நிறுத்தத்தில் ஆட்டோவும் தள்ளுவண்டியும் நின்று, ஓட்டுநர் பஸ்ஸை நடுச்சாலையில் நிறுத்தினால், பயணி நடைபாதையிலிருந்து தெருவில் இறங்கி, மறுபடி முழு 40 செ.மீ. ஏற வேண்டும். சாய்வுப்பலகை செங்குத்தாக நிற்கும். கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கிய உயரம் அங்கே வீணாகிறது. பஸ் வாங்குவது போக்குவரத்துக் கழகம், நடைபாதை மாநகராட்சியுடையது, நிறுத்தத்தில் வண்டிகளை அகற்ற வேண்டியது காவல்துறை. மூவரும் ஒரே நிறுத்தத்தில், ஒரே டேப்பைப் பிடித்துக்கொண்டு, கைத்தடியோடு காத்திருக்கும் ஒருவரை ஏற்றி இறக்கிப் பார்த்து அளவை முடிவுசெய்ய வேண்டும். அடுத்த தொகுதிப் பஸ்களுக்குப் பணம் ஒதுக்கும்போதே, அவை நிற்கப்போகிற நிறுத்தங்களின் விளிம்புக்கும் சேர்த்து ஒதுக்கினால், இது ஒரே டெண்டரில் முடிகிற வேலை.